கருவியின் பிழையும் ஆற்காட்டுக் கைவினைஞரும்

நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவரின் தந்தையார் வியாசர்பாடியில் லேத் பட்டறை நடத்திவருகிறார். மகன் ஸனது பெற்று வெளியேறிப் பல ஆண்டுகள் ஆகியும் அக்குடும்பத்தோடு நமக்குள்ள தொடர்பு அறவில்லை. சென்ற கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின் அவருடைய பட்டறைக்குச் சென்றிருந்தோம். வாசலிலேயே எஃகு உருளைகள் சில குவிந்து கிடந்தன. நூறு மில்லிமீட்டர் விட்டத்தில் நாற்பது உருளைகள் கடைந்து ஓர் ஆலைக்கு அனுப்பியதாகவும், அவற்றுள் இருபத்தெட்டு திரும்பிவிட்டதாகவும் பெரியவர் சொன்னார். விட்டம் 0.03 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் குறைந்திருக்கிறதாம். இரு பக்கமும் 0.02 வரைதான் பிழைக்கு இடமுண்டு. இரும்பின் விலை, மின்சாரம், ஆறு நாள் கூலி அத்தனையும் அந்தக் குவியலில் கிடந்தன.

“ஹஜ்ரத், இங்க அளந்தப்ப எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அங்க போய் இளைச்சுப் போச்சு” என்றார் அவர்.

கேலியாகச் சொன்னதுபோல் தோன்றினாலும் அது முழு உண்மை. கடைசலின்போது உளி உராயும் சூட்டில் உருளை விரிகிறது. எஃகு ஒரு செல்சியஸ் பாகை சூடேறினால் மீட்டருக்கு ஏறத்தாழ 0.0115 மில்லிமீட்டர் நீள்கிறது. நூறு மில்லிமீட்டர் உருளை, அதை அளக்கும் மைக்ரோமீட்டரைவிட முப்பது பாகை கூடுதலாகச் சூடாக இருந்தால் விட்டம் 0.0345 மில்லிமீட்டர் பெருத்துக் காட்டும். பையன் இயந்திரத்தில் இருந்தபடியே அளந்து, நூறு வந்ததும் நிறுத்திவிட்டான். உருளை ஆறியதும் தன் மெய்யான அளவுக்கு வந்துவிட்டது. ஆலையிலோ குளிரூட்டிய அறையில், உலகத் தொழில்துறை 1931ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்ட 20 பாகை வெப்பத்தில் அளக்கிறார்கள். நாற்பது பாகையைத் தொடும் வியாசர்பாடிக் கோடையில் தகரக் கூரையின் கீழ் அளந்தவர் ஒருவர், அங்கே அளந்தவர் வேறொருவர். இருவருடைய கருவியும் குற்றமற்றதாக இருந்தும் இருவரும் ஒத்துப்போகவில்லை.

வடசென்னையில் இப்படிப்பட்ட பட்டறைகள் ஏராளம். பெரம்பூரில் 1856ஆம் ஆண்டிலிருந்து ரயில் பெட்டிப் பணிமனை இருந்துவருகிறது. 1950களில் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வாகன ஆலைகள் வளர்ந்தன. 1996இல் மூடப்பட்ட பின்னி ஆலையும் அருகில்தான். பெரிய ஆலைகளுக்கு உறுப்புகள் கடைந்து தந்தும் பழுது நீக்கியும் பிழைத்த கைகள் இத்தெருக்களில் குடியேறின. நாட்டில் 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவை நடைமுறைக்கு வரத் தொடங்கிவிட்டது. ஆயினும் இன்றும் இங்கே ஒருவர் ‘இரண்டு நூல் எடு’ என்றால் மற்றவருக்குப் புரிகிறது; எட்டு நூல் ஓர் அங்குலம். ஒரே மேசையில் நூலும் மில்லிமீட்டரும் அக்கம்பக்கமாகக் கிடக்கின்றன. பிழை நுழைய அதுவும் ஒரு வாசல்.

பெரியவர் தம் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். வெர்னியரின் தாடைகள் முனையில் தேய்ந்திருந்தன. மூடி வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு கீற்று ஒளி கசிந்தது. தேயாத வெர்னியருக்கும் அமைப்பிலேயே ஒரு குறை உண்டு. அளக்கப்படும் பொருள் ஓரிடத்திலும் அளவுகோல் வேறோரிடத்திலும் இருப்பதால், நகரும் தாடை சிறிது சாய்ந்தாலும் பிழை பெருகும். அளக்கும் கோடும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும் என்பதை 1890இல் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஆபே விதியாகவே வகுத்தார். மைக்ரோமீட்டர் அந்த விதிக்கு அடங்கியது. ஆனால் அதன் திருகு தேயும், சுழியம் நகரும், இறுக்கிப் பிடிக்கும் கையின் அழுத்தத்திற்கேற்ப அளவு மாறும். இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, பெரியவர் இழுப்பறையிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய இன்னொரு மைக்ரோமீட்டரை எடுத்தார். அதைக்கொண்டு அவர் எந்த வேலையையும் அளப்பதில்லை. மற்றக் கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று ஒத்துப்பார்க்க மட்டுமே அது.

அன்றிரவு வீடு திரும்பியதும் அல்பீரூனியின் ‘தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்’ நூலை எடுத்துப் பிரித்தோம். ஊர்களின் தூரத்தையும் திசையையும் கண்டறியும் முறைகளைப் பற்றி அவர் கஸ்னாவில் 1025ஆம் ஆண்டில் நிறைவுசெய்த நூல் அது. அதில் வரும் ஒரு செய்தி இருபதாண்டுக் காலம் நம் பாடங்களில் ஒரு துணுக்காக மட்டுமே இருந்தது. அதன் கனம் வியாசர்பாடிக்குப் பிறகே நமக்கு உறைத்தது.

ஹிஜ்ரி 384, அதாவது 994ஆம் ஆண்டு. புவைஹி அமீர் ஃபக்ருத் தவ்லாவின் ஆதரவில், இன்றைய தெஹ்ரானை அடுத்த ரய் நகரில், அபூ மஹ்மூத் அல்குஜந்தீ ஒரு மாபெரும் கருவியைக் கட்டினார். வடக்கு தெற்காக இரண்டு சுவர்கள். மேலே கூரையில் ஒரு துளை. கீழே ஏறத்தாழ இருபது மீட்டர் ஆரத்தில் அறுபது பாகை கொண்ட ஒரு வில். நண்பகலில் துளைவழி இறங்கும் கதிர் அந்த வில்லில் விழும் இடமே சூரியனின் உயரம். பாகை ஒவ்வொன்றும் 360 கூறாகப் பகுக்கப்பட்டிருந்தது; ஒரு கூறு பத்து விகலை. நம் மத்ரஸாக்களின் ஃபலக்கியாத் பாடத்தில் தரஜா, தகீக்கா, ஸானியா என்று ஓதுகிறோமே, அவையே பாகை, கலை, விகலை. அதுவரை கலையோடு நின்றிருந்த கருவி விகலைக்கு இறங்கியது இங்கேதான். அமீரின் பெயரால் அதற்கு ‘அஸ்ஸுத்ஸுல் ஃபக்ரீ’ என்று பெயர்.

குஜந்தீ அதைக்கொண்டு சூரியப் பாதையின் சாய்வை, நூல்களில் ‘அல்மைலுல் குல்லீ’ எனப்படுவதை, 23 பாகை 32 கலை 19 விகலை என்று கண்டார். தாலமியின் நூலில் அது 23 பாகை 51 கலை. மஃமூன் காலத்துப் பக்தாத் அறிஞர்கள் கண்டது 23 பாகை 33 கலை. எனவே சாய்வு காலந்தோறும் குறைந்துவருகிறது என்று அவர் முடிவுகட்டினார். அது குறைந்துவருவது மெய். நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 47 விகலை என்று இன்றைய வானியல் சொல்கிறது. ஆனால் அந்த வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் 994இல் சாய்வு 23 பாகை 34 கலையை ஒட்டி இருந்திருக்கவேண்டும். பத்து விகலை காட்டவல்ல கருவி இரண்டு கலை பிழைத்திருக்கிறது!

ஏன் என்பதை அல்பீரூனி எழுதிவைத்திருக்கிறார். ரய் நகரில் குஜந்தீயை நேரில் சந்தித்து உரையாடியவர் அவர். கட்டடத்தின் கனத்தால் கூரைத்துளை தன் இடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது என்று குஜந்தீயே அவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். நாம் கணக்கிட்டுப் பார்த்தோம். இரு நோக்கீடுகளுக்கு இடையில் ஒரு சாண் முழுவதும் இறங்கியிருந்தால் பிழை அரைப் பாகையை எட்டியிருக்கும். ஆகவே நோக்கீட்டுக் காலத்தில் இறங்கியது அதில் சிறு பகுதியாகவே இருக்கவேண்டும். இரண்டு கலை பிழைக்க ஒரு விரற்கடையே போதும்.

இதிலுள்ள இக்கட்டை அல்பீரூனி நன்கறிந்திருந்தார். கருவி சிறிதாக இருந்தால் உறுதியாக நிற்கும். கோடுகளோ நெருங்கிப் படிக்க முடியாதவையாகும். கருவி பெரிதானால் கோடுகள் தெளிவாகும். உடலோ தன் பளுவாலேயே வளையும், இறங்கும். நுட்பத்தைத் தேடிப் பெரிதாக்குவதே நுட்பத்திற்குப் பகையாகிவிடுகிறது. சமர்கந்தில் உலுக் பேக் பதினைந்தாம் நூற்றாண்டில் இதே வகைக் கருவியை இரட்டிப்பு ஆரத்தில் எழுப்பியபோது, வில்லின் கீழ்ப்பகுதியைப் பாறையில் அகழ்ந்து இறக்கினார். அப்படிச் செய்ததால்தான் அந்தப் பகுதி இன்றும் எஞ்சி நிற்கிறது. தில்லியில் 1724இல் வானாய்வுக் கூடம் எழுப்பிய ஜெயசிங் மன்னரும், முஹம்மத் ஷாஹ் பெயரால் பாரசீகத்தில் இயற்றப்பட்ட ‘ஸீஜ்’ நூலின் முன்னுரையில் பித்தளைக் கருவிகளைக் குறைகூறுகிறார்: அச்சு தேய்கிறது, வட்டத்தின் மையம் இடம்பெயர்கிறது, தளம் விலகுகிறது. வியாசர்பாடிப் பெரியவர் தம் லேத்தைப் பற்றிச் சொல்லும் மூன்று குறைகளும் ஏறக்குறைய இவையே. மன்னர் கல்லும் சுண்ணாம்பும் போதும் என்று முடிவுசெய்தார். அதன் விளைவு நன்மையா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. கல்லால் கட்டியதை மலைக்கும் காட்டுக்கும் சுமந்துசெல்ல முடியாதல்லவா?

சுமந்து செல்லவேண்டிய தேவை நம் சென்னையில்தான் எழுந்தது. பரங்கிமலையடியில் 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் தம் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் பின்னிய பேரளவீட்டுக்கு அதுவே முதற்கோடு. கருவி, லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் செய்த நூறடி எஃகுச் சங்கிலி. இரண்டரை அடியில் நாற்பது கண்ணிகள். மெக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழு சீனப் பேரரசருக்குக் காணிக்கையாகக் கொண்டுபோய், அங்கே ஏற்கப்படாமல் திரும்பிய பொருள்களுள் அதுவும் ஒன்று! மே 22 வரை ஏறத்தாழ நாற்பத்து மூன்று நாள், கத்தரி வெயிலில், ஏழரை மைல் தூரத்திற்கு அதை நானூறு முறை இட்டு இட்டு அளந்தார்கள். சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடாரத்தால் நிழல்செய்து, பக்கத்தில் வெப்பமானிகள் வைத்தார்கள். நூறடி எஃகு பத்து பாகை சூடேறினால் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். நானூறு முறைக்கு அது ஒன்றரை மீட்டரை நெருங்கிவிடும். அந்தப் பிழை முதற்கோட்டில் புகுந்தால் அதன்மேல் எழும் முக்கோணங்கள் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் தொடரும். லாம்ப்டனிடம் இரண்டாவது சங்கிலி ஒன்றும் இருந்தது. அதைத் தரையில் இழுக்கவில்லை. உழைக்கும் சங்கிலி தேய்ந்து நீண்டிருக்கிறதா என்று ஒத்துப்பார்க்கவே வைத்திருந்தார். எண்ணெய்த் துணியில் சுற்றிய மைக்ரோமீட்டரை இங்கே வாசகர்கள் நினைவுகூர்வார்கள்.

கோணம் அளக்க அவரிடம் இருந்தது லண்டன் வில்லியம் கேரியின் பெரிய தியோடலைட். வட்டத்தின் விட்டம் 36 அங்குலம். எடை ஏறத்தாழ அரை டன். வரும் வழியில் பிரெஞ்சுப் போர்க்கப்பலிடம் சிக்கி மொரீஷியஸுக்குப் போய், அங்கிருந்து மரியாதையோடு திருப்பியனுப்பப்பட்ட கருவி. தஞ்சையில் 1808இல் அதைக் கோயில் கோபுரத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, பெட்டியோடு சுவரில் மோதியது, வட்டம் நெளிந்தது. (தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லால் நிறுத்ததாகக் கூறுகின்றன. அளவைக்குப் பெயர்பெற்ற ஊரிலா இந்த விபத்து நேரவேண்டும்!) லாம்ப்டன் கூடாரத்தை அடைத்துக்கொண்டு ஆறு வாரம் உள்ளேயே இருந்தார். பலகையில் சரியான வட்டம் ஒன்று வெட்டி, ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் நெளிந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக அதன் வடிவுக்கு இழுத்தார். வளைந்த ஆரக்கால்களைச் சிறு மரச் சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். கருவி மீண்டும் வேலைசெய்தது. ஆயினும் ஒருமுறை நெளிந்த வட்டத்தை முன்போல் நம்பமுடியுமா என்னும் கேள்வி அதன்பின் நிற்கவே செய்தது.

ஏன் இவ்வளவு அச்சம்? 36 அங்குல வட்டத்தின் விளிம்பு 113 அங்குலம். அதில் 12,96,000 விகலைகள் அடங்கவேண்டும். அப்படியானால் ஒரு விகலைக்குரிய இடம் 0.0022 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு. இந்த அளவில் கோடு போடுவது ஒரு மனிதக் கை. கோட்டின் பிழையைக் கண்டுபிடிப்பதும் இன்னொரு மனிதக் கைதான். நம் நாட்டவர் ஒருவரின் கை வரலாற்றில் நுழைவது இந்த இடத்தில்.

சையித் மீர் முஹ்சின் ஹுசைன் ஆற்காட்டைச் சேர்ந்தவர். சென்னையில் ஒரு நகைக்கடையில் கடிகாரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கைத்திறனைக் கண்ட வாலண்டைன் பிளாக்கர், 1823இல் சர்வேயர் ஜெனரலான பின் அவரைக் கல்கத்தாவுக்கு வரவழைத்துக் கருவிகளைப் பழுதுபார்க்க அமர்த்திக்கொண்டார். பிளாக்கர் 1826இல் இறந்தார், ஆற்காட்டுக்காரர் நிலைத்தார். ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் இங்கிலாந்திலிருந்து புதிய கருவிகளோடு திரும்பியபோது ஹென்றி பாரோ என்னும் லண்டன் கருவியாளரையும் உடனழைத்து வந்தார். கல்கத்தாவில் பட்டறை அமைந்தது. பாரோ தேர்ந்த கைவினைஞர்; தஞ்சையில் நெளிந்த பெரிய தியோடலைட்டைப் புதுப்பித்தவர் அவரே. ஆனால் எவரெஸ்டோடு ஒத்துப்போவது எளிதன்று. பூசல் முற்றி 1839இல் அவர் விலகினார்.

அப்போது எவரெஸ்டின் கையில் இரண்டு வானியல் வட்டக் கருவிகள் திருத்தத்திற்குக் காத்திருந்தன. லண்டனுக்கு அனுப்பினால் போகவும் வரவும் செய்யவும் ஆண்டுகள் கழியும். வழியில் இன்னொரு கயிறு அறுந்தால்? முஹ்சின் ஹுசைன் பாரோவின் அருகிலிருந்து வேலையைக் கற்றிருந்தார். வட்டத்திற்கு மீண்டும் பாகையிடும் பணி, எவரெஸ்டின் மேற்பார்வையில் அவர் கைக்கு வந்தது. அது செய்துமுடிக்கப்பட்டது, அளவீடும் தொடர்ந்தது. தம் 1847ஆம் ஆண்டு நூலில் எவரெஸ்ட் அவருடைய கூர்மதியையும் கருவிநுட்ப அறிவையும் பாராட்டியிருக்கிறார். எளிதில் எவரையும் பாராட்டாத மனிதரின் சொல் என்பதால் அதற்கு எடை அதிகம். அவர் பரிந்துரையின் பேரில் 1843இல் முஹ்சின் ஹுசைன் கம்பெனி அரசின் கணிதக் கருவியாளராக நியமிக்கப்பட்டார். இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ஒருவர் வகித்த இடத்திற்கு ஆற்காட்டுக் கடிகாரப் பழுதாளர் வந்தார்.

எவரெஸ்டின் அளவீட்டு முறையில் நாம் பெரிதும் வியப்பது ஒன்று உண்டு. வட்டத்தின் கோடுகள் பிழையற்றவை என்று அவர் கருதவேயில்லை. எதிரெதிர் இடங்களில் நுண்ணோக்கி வைத்துப் படித்தால் மையம் விலகியதால் வரும் பிழை ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஒரே கோணத்தை வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் வைத்துத் திரும்பத் திரும்ப அளந்து சராசரி கண்டால் கோடுகளின் பிழையும் பெருமளவு தேய்ந்துபோகும். பெரியவர் உருளையை மூன்று இடத்தில் திருப்பித் திருப்பி அளப்பதை அன்று பார்த்தோம். எதற்கு என்று கேட்டதற்கு, “ஒரு எடத்துல பார்த்துட்டு நம்பக் கூடாது ஹஜ்ரத்” என்றார்.

இங்கே நம்மவர் பழக்கம் ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. முஸ்லிம்களின் அறிவியல் பங்களிப்பு என்று மேடையிலும் ஏட்டிலும் நாம் பட்டியல் போடுகிறோம். இதை முதலில் செய்தவர் இன்னார், அதை முதலில் கண்டவர் இன்னார். குஜந்தீயின் கருவியும் அப்பட்டியலில் இடம்பெறும். துளை இறங்கிய செய்தி இடம்பெறாது. ஆனால் அல்பீரூனி அந்தப் பிழையைப் புறம்பேசுவதாகவோ குறைத்துக் காட்டுவதாகவோ எழுதவில்லை. குஜந்தீயும் அதை மறைக்கவில்லை. தராசைப் பற்றி மட்டுமே ஒரு முழு நூல் எழுதிய அல்காஸினீ, 1121இல் முடித்த ‘மீஸானுல் ஹிக்மா’வில், நீரின் சூடும் குளிர்ச்சியும் எடையை எப்படிப் பிழைக்கச்செய்யும் என்பதை விரிவாகப் பேசுகிறார். சூரா முதஃப்பிஃபீன் அளவில் குறைப்போரைக் கண்டிக்கிறது. நம் நகரங்களில் முஹ்தஸிப் கடைகளில் படிக்கல்லைச் சோதித்தார். அவை வேண்டுமென்றே செய்யும் மோசடி பற்றியவை. குஜந்தீயின் பிழை வேறு வகை. நேர்மையான மனிதரின் கருவியில் அவரறியாமல் நுழைந்தது. அதை வெளியே சொல்ல நேர்மையோடு துணிவும் தேவை. முன்னோரின் இந்தத் துணிவை விட்டுவிட்டு அவர்களுடைய ‘முதல்’களை மட்டும் நாம் சுமக்கிறோம். இந்தப் பட்டியல்களிலும் ஆற்காட்டு முஹ்சின் ஹுசைனுக்கு இடம் கிடைப்பதில்லை. அவர் நூல் எழுதியவரல்லர், பழுதுபார்த்தவர். இமயத்தின் உச்சிக்கு 1865இல் எவரெஸ்டின் பெயர் சூட்டப்பட்டது. எவரெஸ்டின் வட்டத்திற்குப் பாகையிட்டவரை ஆற்காட்டிலேயே அறிந்தவர் அரிது.

இரு வாரம் கழித்து மீண்டும் வியாசர்பாடி சென்றோம். திரும்பிய உருளைகளில் சிலவற்றை வேறு சிறு அளவுக்குக் கடைந்து விற்றிருந்தார். எஞ்சியவை பழைய இரும்புக்குப் போயின. கூலி அவர் கைப்பணத்திலிருந்து. இப்போது கடைந்த உருப்படிகள் ஒரு வார்ப்பிரும்புத் தளத்தில் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன. லுஹர் தொழுதுவிட்டு வந்துதான் அளக்கவேண்டும் என்று பையனுக்குச் சொல்லியிருக்கிறார்; மைக்ரோமீட்டரையும் அதே தளத்தில் உருப்படிகளின் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

ரய் நகரத்துத் துளையின் கதையை அவரிடம் சொன்னோம். மன்னர் பெயரையோ சாய்வின் கணக்கையோ அவர் கேட்கவில்லை. “செவுரு எழுப்பி எத்தனை நாள் விட்டு அளந்தாங்க?” என்றே கேட்டார். பிறகு தம் லேத்தின் கதையைச் சொன்னார். இந்தப் பகுதி தாழ்வானது. மழைக்காலத்தில் தெருவில் நீர் நிற்கும், தரை ஊறும். இயந்திரத்திற்குக் கான்கிரீட் அடித்தளம் போட்ட முதல் ஆண்டிலேயே ஒரு மூலை இறங்கி, கடைந்த தண்டெல்லாம் ஒரு முனையில் பருத்து மறுமுனையில் மெலிந்து வந்ததாம். ரசமட்டம் வைத்து மூன்று முறை அடியில் தகடு கொடுத்து நிமிர்த்தியிருக்கிறார். இப்போதும் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் பார்க்கிறார். பேசிக்கொண்டே ரசமட்டத்தை எடுத்து லேத்தின் படுகையில் வைத்தார். குமிழி சிறிது இடப்பக்கம் நின்றது. ரசமட்டத்தை முன்பின்னாகத் திருப்பி அதே இடத்தில் மறுபடியும் வைத்து, குமிழி இப்போது எந்தப் பக்கம் போகிறது என்று குனிந்து பார்த்தார்.